ஐந்து கிலோ கல்

செவனம்மா மாமி போன பிறகு
அவள் காம்பராவில் மிஞ்சியது
ஒரு கோட்டு, ஒரு பால்மா டின்,
கதவுக்கு அண்டை கொடுத்த கல்.

கோட்டைப் பெரிய மச்சான் எடுத்தார்.
டின்னுக்குள் இருந்ததை எண்ணி
மூன்றாகப் பிரித்தார்கள்.
கல்லை யாரும் கேட்கவில்லை.

நான் கேட்டேன்.

மாத்தளையிலிருந்து நான் வாழவந்த முதல் ஞாயிறு
"நீ சோறாக்குடா" என்று மகனிடம் சொல்லிவிட்டு
என்னைப் பதுளைக்குப் படம் பார்க்கக் கூட்டிப்போனவள்.
ரயிலில் ஜன்னலோரம் அவளுக்கு.
"இந்தப் பாலத்த ஒருநாளும் நம்பமாட்டேன்,
ஆனா ஏறுவேன்" என்றாள்.
படம் பிடிக்காமல் பாதியில் எழுந்து வந்துவிட்டாள்.
மீதிக் கதையை
ஹப்புத்தளை வரும்வரை அவளே சொன்னாள்.
அதில் கதாநாயகி யாரையும் கட்டிக்கொள்ளவில்லை.

மாமனார் போன பதினாறாம் நாள்
பொட்டழிக்க வந்த பெண்களுக்குத்
தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாளாம்.
"குடிச்சிட்டுக் கெளம்புங்க, மழ வருது."
மறுநாள் அவர் கோட்டை மாட்டிக்கொண்டு
அதே பொட்டோடு
ஏழாம் நம்பர் மலைக்குப் போனாளாம்.

கல்லுக்கு வருகிறேன்.

கூடைக்கு ஒன்று, தண்ணிக்கு ஒன்று,
சும்மா ஒன்று என்று
நிறுவையில் கிலோ வெட்டுவார் கணக்கப்பிள்ளை.
மாமி ஒரு மாதம் வாய் திறக்கவில்லை.
(அவள் பேசாவிட்டால்தான் பயப்பட வேண்டும்.)
பிறகு கானுக்குள் கிடந்த கல்லொன்றை
டவுனுக்குச் சுமந்துபோய்
சுபைர் நானா கடைத் தராசில் வைத்து
"ஐந்து கிலோ" என்று துண்டில் எழுதி வாங்கிவந்தாள்.
அன்று அந்தி நிறுவையில்
கொழுந்துக்கு முன்னால்
கல்லைப் படங்கில் கட்டித் தொங்கவிட்டாள்.

முள் நாலில் நின்றது.

பெண்கள் வரிசை முழுக்க எட்டிப் பார்த்தது.
"ஏங்கய்யா, கல்லுக்கும் தண்ணி வெட்டா?"

தராசு மாறியது.
அவளுக்கு மட்டும் இரண்டு கிழமை வேலை இல்லை.
அந்த இரண்டு கிழமையும் பீட்ரூட் வாங்கிச்
சந்தையில் விற்று
கூலியைவிடக் கூடச் சம்பாதித்ததாக
லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தாள்.
நட்டம் என்று எனக்குத் தெரியும்.
அடகுக்குப் போனது என் தோடு.

அந்தத் தோட்டுக்காக இரண்டு மாதம்
நான் அவளோடு பேசவில்லை.
கோட்டை நான் துவைத்துப் போட்டதில்
அவர் சுருட்டு வாசம் போய்விட்டதென்று
அவள் என்னோடு மூன்று மாதம்.
கணக்கில் அவள்தான் முன்னால்.

டவுனில் வீடு கட்டி மகன் கூப்பிட்டபோது
வந்தாள், பார்த்தாள்,
குழாயைத் திறந்து மூடினாள்.
"நல்லாருக்கு.
திரும்பிப் போக பஸ் காசு வச்சிருக்கேன்."

கடைசியாகப் பதுளை ஆஸ்பத்திரியில்
இருவர் தாங்கிப் பிடித்து நிறுத்தோம்.
"முப்பத்தாறு" என்றாள் மிஸ்ஸி.
மாமி கண்ணைச் சுருக்கி முள்ளைப் பார்த்தாள்.

"எவ்வளவு வெட்டுன?"

நேற்று கல்லைத் தூக்கிக்கொண்டு
அதே கடைக்குப் போனேன்.
இப்போது சுபைர் நானாவின் மகன்,
இலக்கம் மின்னும் தராசு.
நாலு கிலோ தொள்ளாயிரம்.

நூறு கிராமை எங்கே தேடுவது?
கதவு தேய்த்திருக்குமா,
நானாவின் பழைய தராசு பொய் சொல்லியதா,
இல்லை எழுதும்போது
பக்கத்தில் நின்று இவள் ஏதும் பேசினாளா.

அந்தப் பையன் கேட்டான்,
"என்னக்கா, எழுதித் தரவா?"
வேண்டாம் என்று சொல்லிவிட்டு
மேட்டில் ஏறினேன்.
கோயில் திருப்பத்தில் மூச்சு வாங்கியது,
இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டேன்.

ஐந்து கிலோதான்.